பதினாலு மாசச் சுண்ணாம்பு

2026ஆம் வருஷத்துப் பொங்கலுக்கு என் தங்கை மகன் கோயமுத்தூரிலிருந்து உடுமலைக்கு வந்தபோது, ஒரு கையில் கரும்பும் மறு கையில் ஒரு காகிதக் கட்டும் கொண்டுவந்தான். கரும்பைத் திண்ணையில் சாய்த்துவிட்டான். காகிதக் கட்டை மட்டும் கீழே வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே காப்பி குடித்தான். கடன் பத்திரமோ, ஜாதகமோ என்று நினைத்தேன். இந்த இரண்டைத்தான் எங்கள் பக்கத்து மனிதர்கள் அவ்வளவு பத்திரமாகப் பிடித்திருப்பார்கள்.

"மாமா, நீங்க நாவல் எழுதறவருங்க. எனக்கு ஒரு நாலு பக்கம் எழுதித் தரோணும்" என்றான்.

"கல்யாண வாழ்த்து மடலா, மாப்பிள்ளை?"

"இல்லீங்க. சட்டத்துக்கு."

நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். சட்டத்துக்காக எழுதும் பாக்கியம் அதுவரை கிட்டவில்லை. கட்டை வாங்கிப் புரட்டினேன். 144 பக்கம். 113 ஷரத்துக்கள், 13 பிற்சேர்க்கைகள். ஐரோப்பிய ஒன்றியத்தார் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்படுத்துவதற்காக 2024ஆம் வருஷம் இயற்றிய சட்டம் அது. அந்த வருஷம் ஆகஸ்டு முதல் தேதி பிறந்து, தவணை தவணையாக அமலுக்கு வர ஆரம்பித்தது. ஐரோப்பாவில் போட்ட சட்டத்துக்கு உடுமலைத் திண்ணையில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

என் மருமகனுக்கு ஒரு சின்னக் கம்பெனி. அவனையும் சேர்த்துப் பதினோரு பேர். உத்தியோகத்துக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து, யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்தும் ஒரு மென்பொருளை எழுதி விற்கிறார்கள். அதை வாங்குபவர்களில் பெரிய புள்ளி ஜெர்மனியில் இருக்கிறார். எழுதினவன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் சரி, யந்திரம் சொல்லும் பதில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உபயோகமாகிறதென்றால் சட்டம் அவனையும் பிடிக்கும் என்று இரண்டாவது ஷரத்திலேயே போட்டிருக்கிறார்கள். கடல் தாண்டி வரும் சட்டம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. முன்பெல்லாம் துரைமார் கூடவே வருவார்கள். இப்போது சட்டம் மட்டும் தபாலில் வருகிறது.

தபாலில் வந்தது சட்டம் மட்டுமல்ல. ஜெர்மானியர் ஒரு கேள்விப் பட்டியலும் அனுப்பியிருந்தார். அறுபத்து மூன்று கேள்விகள். அவற்றில் பாதி அந்தக் கம்பெனியின் தொழிலாளர் குழு கேட்டவையாம். அங்கே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிமுறைகளில் தொழிலாளர் குழுவுக்கு ஒரு சொல் உண்டு. அந்த விதிமுறைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வகுத்தாலும் அந்த உரிமை போகாது என்று 2021இல் அவர்கள் சட்டத்தைத் திருத்திவைத்துக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம்தான்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எல்லா யந்திரத்தையும் அது ஒரே கண்ணால் பார்க்கவில்லை. சிலவற்றைக் கூடவே கூடாது என்று தள்ளிவிட்டது. உதாரணமாக, உத்தியோகஸ்தலத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒருவன் முகத்தைப் பார்த்து அவன் மனசில் கோபமா, சலிப்பா என்று யந்திரத்தை விட்டு உளவு பார்ப்பது. வைத்தியத்துக்கும் பந்தோபஸ்துக்கும் மாத்திரம் விலக்கு. இந்தத் தடைகள் 2025 பிப்ரவரி 2ஆம் தேதியே அமலுக்கு வந்தன. அடுத்தது, அபாயம் அதிகமுள்ள யந்திரங்கள். இவை கூடும், ஆனால் நிபந்தனைகளுடன். கடன் கொடுக்கலாமா என்று மதிப்பெண் போடுவது இந்த ஜாதி. உத்தியோக விண்ணப்பங்களைச் சலித்து எடுப்பதும் இந்த ஜாதி. என் மருமகன் அபாயகரமான மனிதன் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் சின்ன வயசில் கிணற்றில் குதிக்கவே பயப்படுவான்.

அபராதத்தைப் பார்த்துத்தான் அவன் தூக்கம் போயிருந்தது. விலக்கப்பட்டதைச் செய்தால் மூன்றரைக் கோடி யூரோ, அல்லது உலகம் முழுவதும் உள்ள வருஷ வியாபாரத்தில் 7 சதவிகிதம். மற்ற கடமைகளில் தவறினால் ஒன்றரைக் கோடி யூரோ, அல்லது 3 சதவிகிதம். பெரிய கம்பெனிக்கு இரண்டில் எது அதிகமோ அது; சின்னக் கம்பெனிக்கு எது குறைவோ அது. "பாரப்பா, உனக்குக் குறைவானதுதான்" என்று ஆறுதல் சொன்னேன். அவனுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

தயாரித்துக் கொடுப்பவன் ஒருவன், அதை வாங்கி நடத்துபவன் ஒருவன் என்று சட்டம் இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டு தனித்தனியாகக் கடமை விதிக்கிறது. தயாரிப்பவன் எந்தக் கணக்கை வைத்து யந்திரத்துக்குக் கற்பித்தான், அதில் ஒருதலைப்பட்சம் உண்டா என்று சோதித்து எழுதிவைக்க வேண்டும். யந்திரம் செய்வதெல்லாம் தானாகவே குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். தஸ்தாவேஜுகளைப் பத்து வருஷம் பாதுகாக்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவன் அங்கே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். வாங்கி நடத்துபவனுக்கோ, யந்திரத்தின் குறிப்பேட்டை ஆறு மாசமாவது வைத்திருக்கும் கடமை. விண்ணப்பம் போடுகிறவனிடம் 'உன்னை யந்திரம் பார்க்கிறது' என்று சொல்லும் கடமை. மேலே கண் வைத்துப் பார்க்க, விஷயம் தெரிந்த, அதிகாரமும் உள்ள ஒரு மனிதரை உட்கார வைக்கும் கடமை.

இந்த 'அபாய' ஷரத்துக்களுக்குச் சட்டத்தில் எழுதியிருந்த தவணை 2026 ஆகஸ்டு 2. ஆனால் எந்த அளவுகோலால் அளப்பது என்ற தரநிலைகளே குறித்த காலத்தில் தயாராகவில்லை. அதனால் 2025 நவம்பரில், இந்தத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையமே ஒரு யோசனையை முன்வைத்தது. "அப்புறம் என்ன அவசரம்?" என்றேன். "சட்டம் காத்துக்கிட்டிருக்குமுங்க மாமா, வாங்கறவன் காத்திருக்க மாட்டான்" என்றான். வாஸ்தவம்தான்.

அவன் என்னிடம் கேட்ட நாலு பக்கம், பதின்மூன்றாவது ஷரத்துக்காக. யந்திரத்தை எப்படிப் பயன்படுத்துவது, அது எங்கே தவறும், எந்தச் சந்தர்ப்பத்தில் அதை நம்பக் கூடாது என்று, படிப்பவனுக்குப் புரியும்படி ஒரு குறிப்பு கொடுத்தாக வேண்டுமாம். அவன் ஆட்கள் எழுதிய குறிப்பை அவர்களுக்கே படித்தால் புரியவில்லை. இங்கிலீஷில்தான் வேண்டும் என்றாலும், என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று ஒரு கதாசிரியன் சொன்னால் தேவலை என்று வந்திருக்கிறான்.

எனக்கு அந்தக் குறிப்பை எழுதப் பிடிக்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் பழசு. 1974இல் நான் கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அப்போது அமலில் இருந்தது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். அதன்படி ஆலைச் சுவர்களுக்குப் பதினாலு மாசத்துக்கு ஒரு தடவையாவது சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அடித்த தேதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேடு என் பொறுப்பு. என் கையெழுத்து அழகாக இருக்கும். பதினாலு மாசம் ஆனதும் தேதியை எழுதிவிடுவேன். சுவரில் சுண்ணாம்பு ஏறியதா என்று போய்ப் பார்க்கும்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் பார்த்ததில்லை.

அந்த ஆலையில் பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங் யந்திரங்கள் இருந்தன. அதன் பெரிய உருளை, மின்சாரத்தை நிறுத்தினாலும் உடனே நிற்காது. தன் வேகத்தில் வெகுநேரம் சுற்றும். அதனால், உருளை ஓயும்வரை மூடி திறக்காதபடி ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டினால் ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் உற்பத்தி குறையும். ஆகவே பூட்டைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று கம்பியை அவிழ்த்துவிடுவார்கள். 1976இல் ஒருவருக்கு இரண்டு விரல் போயிற்று. எனக்கு அண்ணன் முறை ஆக வேண்டியவர். விபத்துப் பதிவேட்டில், 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று அதே அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதைப் பற்றி நான் எந்த நாவலிலும் எழுதியதில்லை.

ஆகவே, சட்டத்துக்காகக் காகிதம் எழுது என்றால் எனக்குச் சுண்ணாம்பு வாடை அடிக்கிறது. இது என் தனிப்பட்ட வியாதி என்று ஒதுக்கவும் முடியவில்லை. நியூயார்க் நகரத்தில் 2023 ஜூலை 5ஆம் தேதி முதல் ஒரு சட்டத்தை அமல்படுத்தினார்கள். ஆளெடுக்கும் வேலையில் இம்மாதிரி யந்திரங்களை உபயோகிக்கிற முதலாளிகள், வருஷத்துக்கு ஒரு தடவை வெளியார் ஒருவரைக் கொண்டு அதன் ஒருதலைப்பட்சத்தைத் தணிக்கை செய்து, முடிவைப் பகிரங்கமாகப் போட வேண்டும். விண்ணப்பிப்பவர்களுக்குப் பத்து வேலை நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். சில மாசங்கள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் 391 முதலாளிகளைத் தேடிப் பார்த்தார்கள். தணிக்கை முடிவைப் போட்டிருந்தவர்கள் 18 பேர். அறிவிப்பைப் போட்டிருந்தவர்கள் 13 பேர். மற்றவர்கள் சட்டத்தை மீறினார்களா என்றால், அதையும் சொல்ல முடியவில்லை. மனிதர் தீர்மானிப்பதற்குப் பதிலாகவோ, அதற்குப் பெருமளவு துணையாகவோ யந்திரம் இருந்தால்தான் சட்டம் பிடிக்கும். 'பெருமளவு' இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் முதலாளியே. "எங்கள் ஆபீசில் மனிதர்தான் தீர்மானிக்கிறார்" என்று அவர் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கம்பி கட்டின பூட்டை, பூட்டு என்றே கணக்கில் சேர்த்துக்கொள்கிற விஷயம்தான்.

இரண்டாவது காரணத்தை மருமகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மகள் கணக்கு உத்தியோகத்தில் எட்டு வருஷம் இருந்தாள். அவள் அம்மா படுக்கையில் விழுந்ததும் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தாள். மூன்று வருஷம். கடைசி மாசங்களில் இரவும் பகலும் அவள்தான். எல்லாம் முடிந்து, வருஷாப்தீகமும் ஆன பிறகு, திரும்ப உத்தியோகம் தேடினாள். ஒரு பெரிய கம்பெனிக்கு இரவு பதினொன்று நாற்பதுக்கு விண்ணப்பத்தை அனுப்பினாள். பதினொன்று ஐம்பத்தொன்றுக்குப் பதில் வந்துவிட்டது. தங்கள் தகுதியைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம் என்று. பதினோரு நிமிஷம். அந்த நேரத்தில் எந்த மானேஜர் முழித்துக்கொண்டு கவனமாகப் பரிசீலித்தார்? அவள் சிரித்துக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டினாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று இடங்களில் இதே மாதிரி. அந்தக் கம்பெனிகளில் மருமகனின் யந்திரம் இல்லை. ஆனாலும் அவன் காகிதக் கட்டோடு உள்ளே வந்தபோது, அவள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய ஆசாமியே என் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிப்பதாக எனக்குத் தோன்றியது. அது நியாயமல்ல. தோன்றியதைச் சொல்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், "உன் யந்திரம் சரியாகத்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

பரீட்சை செய்திருக்கிறோம் என்றான். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். பரீட்சைக்காக அவர்களே நாற்பது விண்ணப்பங்களைக் கற்பனையாகத் தயாரித்து வைத்திருந்தார்கள். ஆண் பெயரைப் பெண் பெயராக மாற்றினால் மதிப்பெண் மாறுகிறதா, ஜெர்மன் பெயரைத் துருக்கிப் பெயராக மாற்றினால் மாறுகிறதா, வயசைக் கூட்டினால் மாறுகிறதா என்று பார்த்திருந்தார்கள். மாறவில்லை. ஜெர்மானியரின் அறுபத்து மூன்று கேள்விகளிலும் இவைதான் இருந்தன.

கற்பனை மனிதர்கள் என் தொழில். நாற்பது பேரையும் படித்தேன். படித்து முடிப்பதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. எல்லாரும் படிப்பை முடித்த மறு மாசம் உத்தியோகத்தில் சேர்ந்தார்கள். ஒன்றை விட்ட மறுநாள் இன்னொன்றில் சேர்ந்தார்கள். யாரும் வியாதியாக விழவில்லை. யாரும் பிள்ளை பெறவில்லை. நாற்பது பேரில் ஒருவருக்குக்கூடத் தாயார் படுக்கவில்லை. இப்படி ஒரு நாவல் எழுதினால் எந்தப் பத்திரிகையாசிரியரும் போட மாட்டார்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு எனக்கு அப்போது நினைவு வந்தது. ஐட்யூட்டர் குரூப் என்ற கம்பெனி, சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்துக்கு வந்த விண்ணப்பங்களில் 55 வயசுக்கு மேற்பட்ட பெண்களையும் 60 வயசுக்கு மேற்பட்ட ஆண்களையும் மென்பொருளே தள்ளிவிடும்படி வைத்திருந்தது என்று அரசாங்கம் வழக்குப் போட்டது. இருநூறு பேருக்கு மேல் தள்ளுபடி. 2023இல் மூன்று லட்சத்து அறுபத்தையாயிரம் டாலர் கொடுத்துச் சமரசமாயிற்று. இந்த விஷயம் வெளிவந்த விதம்தான் விசேஷம். ஒரே விண்ணப்பத்தை இரண்டு தரம், பிறந்த தேதியை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார் ஒரு விண்ணப்பதாரர். இளைய வயசுக்காரருக்கு அழைப்பு வந்தது.

என் மகளின் விண்ணப்பம் என் மேஜையில் இருந்தது. அச்சடித்துக் கொடுத்தது நான்தான். பெயரையும் டெலிபோன் நம்பரையும் நீக்கி, "இதைப் போட்டுப் பார்" என்று கொடுத்தேன். யாருடையது என்று சொல்லவில்லை. நாற்பத்தோரு பேரில் அது முப்பத்தாறாவதாக வந்தது.

"சரி, இந்த மூணு வருஷத்தை அடைத்துவிடு. பழைய உத்தியோகத்திலேயே இருந்ததாகத் தேதியை நீட்டு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அவன் இரண்டு எண்களை மாற்றினான். ஏழாவதாக வந்தது.

அவன் ஒன்றும் பேசவில்லை. மறுபடி பழைய தேதியைப் போட்டான். முப்பத்தாறு. மறுபடி மாற்றினான். ஏழு. இப்படி நாலைந்து தடவை, குழந்தை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி செய்துகொண்டிருந்தான்.

பிறகு நிதானமாக விளக்கினான். இடைவெளி இருந்தால் தள்ளு என்று எவரும் யந்திரத்துக்குச் சொல்லவில்லை. ஜெர்மானியர் தம் பழைய கணக்கைக் கொடுத்தார். யாரை எடுத்தோம், யாரை விட்டோம் என்று. அதிலிருந்து யந்திரம் கற்றுக்கொண்டது. அந்த ஆபீசில் இடைவெளி உள்ளவர்களை எடுப்பது குறைவு போலிருக்கிறது. யந்திரம் அதைக் கவனித்து, விதியாக்கிக்கொண்டது. பெண் பெயரைப் போட்டால் மதிப்பெண் குறையவில்லை. ஆனால் வீட்டில் யாராவது படுத்தால் உத்தியோகத்தை விடுவது யார்? பெயரைத் தொடாமலே பெண்ணைத் தள்ளுவதற்கு அதற்கு ஒரு சந்து கிடைத்துவிட்டது.

"யாருங்க மாமா இது?" என்று கேட்டான்.

சொன்னேன். அவன் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றான்.

சட்டத்தை நடத்திக் காட்டுவது என்றால் என்ன என்பது அன்று சாயங்காலம்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அவனுடைய பங்காளி ஒருவர் உண்டு, விற்பனையைக் கவனிப்பவர். டெலிபோனில் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். எதிர்க்குரல் எனக்கும் கேட்டது. அவர் கெட்டவர் அல்ல. அறுபத்து மூன்று கேள்விகளில் இடைவெளியைப் பற்றிக் கேள்வியே இல்லையே, கேட்காததற்கு ஏன் பதில் எழுத வேண்டும் என்றார். எழுதினால் அந்த வாடிக்கை போகும், போனால் பதினோரு சம்பளத்தில் நாலு சம்பளம் போகும் என்றார். 'சில சந்தர்ப்பங்களில் முடிவுகள் மாறுபடக்கூடும்' என்று ஒரு வரி போட்டுவிடலாமே என்றார்.

அந்த வரியை எனக்கு நன்றாகத் தெரியும். 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்பதற்கு அது தம்பி.

ஆனால் நாலு சம்பளம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறாள். ஒருவனுக்குத் தை மாசம் கல்யாணம். சட்டம் எழுதுபவர்கள் முதலாளி என்று எழுதும்போது அவர்கள் கண் முன்னால் ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது என்று நினைக்கிறேன். சின்னவர்களுக்காக எளிய படிவம் உண்டு, அபராதம் குறைவு என்று சில சலுகைகள் வைத்திருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய கம்பெனியில் இந்தக் காகிதத்தைப் பார்க்கவே ஒரு தனி இலாகா இருக்கும். என் மருமகனுக்குக் கிடைத்தது ஒரு மாமா.

நம் நாட்டில் இப்படி ஒரு தனிச் சட்டம் போடவில்லை. 2025 நவம்பரில் மத்திய அரசாங்கம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இருக்கிற சட்டங்களைக் கொண்டே சமாளிக்கலாம் என்பது அதன் போக்கு. அந்தப் பதினோரு நிமிஷக் கம்பெனியிடம் என் மகள் எந்த ஷரத்தைக் காட்டிக் காரணம் கேட்பாள்? ஐரோப்பியச் சட்டத்தின் 86ஆவது ஷரத்தில், அபாய ஜாதி யந்திரத்தை வைத்துச் செய்த தீர்மானம் ஒருவரைக் கடுமையாகப் பாதித்தால், அதில் யந்திரத்தின் பங்கு என்ன என்று விளக்கம் கேட்கும் உரிமை எழுதியிருக்கிறது. உடுமலையில் தயாராகும் குறிப்பு ஜெர்மனியில் முகம் தெரியாத ஒருத்திக்கு உதவும். என் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு உதவாது. இது எனக்குக் கசப்பாக இருந்தது. இப்போதும் கசப்புத்தான்.

அன்றிரவு உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். 'உத்தியோகத்தில் இடைவெளி உள்ளவர்களை இந்த யந்திரம் காரணமில்லாமல் கீழே தள்ளுகிறது. நாங்கள் சோதித்த ஒரு விண்ணப்பத்தில், மற்றவை மாறாதபோது மூன்று வருஷ இடைவெளி மட்டும் ஏழாவது இடத்தை முப்பத்தாறாவது ஆக்கிற்று. இதைத் திருத்தும்வரை வரிசையின் கீழ்ப்பாதியைப் படிக்காமல் நிராகரிக்க வேண்டாம்' என்று எழுதினேன். மருமகன் படித்துவிட்டு, "இவ்வளவு பச்சையாவா?" என்றான். ஆனால் அடிக்கவில்லை.

பிறகு மேற்பார்வைக்கு வந்தோம். 41ஆவது கேள்வி அது. யந்திரத்தின் மேல் கண் வைக்கும் மனிதர் யார், அவருக்கு என்ன அதிகாரம்? 'தகுதி வாய்ந்த அதிகாரி' என்று எழுதிவைத்திருந்தார்கள்.

"அந்த அதிகாரியின் கண்ணுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன்.

"பெயர், மார்க்கு. மேல இருக்கறது பச்சை, கீழ இருக்கறது சிகப்பு."

"சிகப்பைத் திறந்து படிப்பாரா?"

"திறக்கலாமுங்க. தடையில்லை."

"திறக்கிறாரா?"

குறிப்பேட்டைப் பார்த்தால் தெரியும் என்று யோசித்துச் சொன்னான். சட்டத்துக்காக வைத்த குறிப்பேடு அது. யார் எந்த விண்ணப்பத்தை எப்போது திறந்தார்கள் என்பதெல்லாம் அதில் தானாக விழுகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஜெர்மானியரிடம் இருக்கிறது. இவன் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. நான் சுவரைப் போய்ப் பார்க்காத மாதிரி.

யந்திரம் சொன்னதை அப்படியே நம்பிவிடும் சுபாவம் மனிதருக்கு உண்டு, அந்த ஆபத்தை மேற்பார்வையாளர் உணர்ந்திருக்க வேண்டும் என்று 14ஆவது ஷரத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. அந்த 144 பக்கத்தில் மனித சுபாவத்தை அறிந்தவர் எழுதிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் சுபாவத்தை உணர்ந்திரு என்று உபதேசம் செய்து என்ன பிரயோசனம்? கார்டிங் யந்திரத்தில் எல்லாருக்கும் ஆபத்து தெரியும். தெரிந்துதான் கம்பி கட்டினார்கள். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான் காரணம். மேற்பார்வைக்கு ஒரு மனிதரை உட்கார வைத்து, அவருக்கு ஒரு நாளைக்கு முன்னூறு விண்ணப்பம் என்று கணக்கும் கொடுத்துவிட்டால், அவர் பூட்டுமல்ல, மூடியுமல்ல. நாளைக்கு ஏதாவது நடந்தால் 'அதிகாரியின் அஜாக்கிரதை' என்று எழுதுவதற்காக வைத்த ஆள்.

நான் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மருமகன் இரவு வெகுநேரம் தூங்கவில்லை. காலையில் ஒரு யோசனையோடு வந்தான். பச்சையையும் சிகப்பையும் எடுத்துவிடுவது. அதிகாரி ஒரு விண்ணப்பத்தைத் திறந்து, தம் அபிப்பிராயத்தை ஒரு வரி எழுதிய பிறகுதான் யந்திரத்தின் மதிப்பெண் கண்ணில் படும்படி செய்வது. இரண்டும் முரண்பட்டால் அதைத் தனியாகக் குறித்துவைப்பது.

"அந்த ஒரு வரியில் வெறும் புள்ளி வைத்துவிட்டுப் போனால்?"

"வைப்பாங்க. எத்தனை புள்ளின்னு எண்ணி மாசா மாசம் தொழிலாளர் குழுவுக்கு அனுப்பற மாதிரி வைக்கோணும்."

பையன் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பங்காளிக்குத் தகவல் போயிற்று. நாம் விற்பதே வேகத்தைத்தான், வேகத்தைக் குறைக்கும் யந்திரத்தை யார் வாங்குவார் என்று அவர் கேட்டார். அதற்கு மருமகனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஆனாலும் குறிப்பு அப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டான். யந்திரத்தைத் திருத்தி, இடைவெளி உள்ளவர்களையும் சேர்த்துப் புதுசாகப் பரீட்சை வைக்க ஆறு வாரம் ஆகும் என்று மதிப்பிட்டான். ஜெர்மானியர் ஆறு வாரம் பொறுப்பாரா என்பது அவன் ஊருக்குக் கிளம்பும்போது யாருக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் என் மகளிடம் விஷயத்தைச் சொன்னோம். நல்ல சேதி சொல்கிற தோரணையில்தான் சொன்னேன். உன் விண்ணப்பத்தினால்தான் அம்மா அந்தக் கோளாறே தெரிந்தது என்றேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, என் பேப்பரை எடுத்து அதுக்குள்ள போட்டீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பெயரை நீக்கிவிட்டுத்தான் போட்டோம் என்று மருமகன் மென்று விழுங்கினான். "மூணு வருஷம் வீட்டுல இருந்தேன்னு அதுல எழுதியிருக்கு. அது என் சமாசாரம். பேரு இல்லாட்டி என்னுது இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான். இன்னொருவருடைய விஷயத்தை எடுத்துப் போட்டுக்கொள்வது என் தொழிலில் வெகு நாளைய பழக்கம். அதற்கு எந்த ஊரிலும் இன்னும் இன்ஸ்பெக்டர் போடவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவளே, "எத்தனாவதா வந்தேன்?" என்று கேட்டாள்.

"முப்பத்தாறு. அதை அடைச்சா ஏழு."

"ஏழா?" என்றாள். அம்மாவின் ஆஸ்பத்திரிக் கணக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு பதினாறு மாசம் நடத்திய கடிதப் போர், மருந்து அட்டவணை எல்லாம் அவள் ஒரு நீல நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தாள். அது பீரோவில் இருக்கிறது. அதற்கு விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் என்று மருமகனைக் கேட்டாள். அப்படி ஒரு கட்டம் இல்லை என்று ஒப்புக்கொண்டான்.

பிறகு என் குறிப்பை வாங்கிப் படித்தாள். மூன்றாவது பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் பிழைகள் இருந்தன. பென்சிலை எடுத்துத் திருத்தினாள். 'மூன்று வருஷ இடைவெளி' என்று நான் எழுதியிருந்த இடத்தில் சற்று நின்றாள். அந்த 'இடைவெளி' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, மேலே எதுவும் எழுதாமல் என்னிடம் நீட்டினாள்.

மருமகனின் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த இடத்தில் என்ன போடுவது என்று பஸ் ஸ்டாண்டு வரையில் பேசிக்கொண்டே போனோம்.